மனநல மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர் வரும்போது: வயிற்றுக் குழாய்க்கு முன் இசிஜி

மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிய ஒருவரை ஆட்டோவிலோ 108-லோ கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவந்ததும், கூட வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வயித்தைக் கழுவிட்டீங்களா டாக்டர்?" என்பதுதான். பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய ஊர்களில் அந்தக் கேள்வி இயல்பு. ஆனால் மனநல மாத்திரை விழுங்கியவருக்கு முதல் அரை மணி நேரத்தில் முடிவைத் தீர்மானிப்பவை வேறு. மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, ரத்தச் சர்க்கரை எவ்வளவு, பன்னிரண்டு லீட் இசிஜி என்ன சொல்கிறது, இந்த மூன்றும்தான். தாலுகா மருத்துவமனையிலும் இவை மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் செய்ய முடியும். குழாயைத் தேடுவதில் அந்தப் பத்து நிமிடம் போய்விடுவதை அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம்.

முதலில் வீட்டில் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். மாத்திரையிலிருந்து தப்பியவர் அதனால் வரும் நிமோனியாவில் மாட்டிக்கொள்வார். கெட்டியான உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, அதுவே வலிப்புக்கும் மூளைப் பாதிப்புக்கும் காரணமாகும். தூக்கக் கலக்கம் இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108-ஐ அழைத்தால் போதும். விழுங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். வண்டி வருவதற்குள் காலி அட்டைகள், மாத்திரை போட்டுக் கொடுத்த காகிதக் கவர், மருத்துவமனை நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். பாட்டியின் சர்க்கரை மாத்திரை, அப்பாவின் பிரஷர் மாத்திரை உட்பட வீட்டில் இருக்கும் மற்றவர்களின் மருந்துப் பெட்டியும் வரவேண்டும். மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் மனநோய்க்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. ஒற்றைத் தலைவலிக்கும் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் எழுதப்படுகிறது. ஆகவே "எங்க வீட்ல யாரும் மனநல மருந்து சாப்பிடலையே" என்ற பதிலை மட்டும் நம்பக் கூடாது.

நோயாளி உள்ளே வந்ததும் ஆக்சிஜன், மானிட்டர், இரண்டு கையிலும் வென்ஃப்ளான் (மருந்து செலுத்தும் நரம்பு ஊசி), குளுக்கோமீட்டர், உடல் வெப்பம். சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. உடனே. வெப்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்து எழுதாமல் தெர்மாமீட்டரில் எடுக்க வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகள் மிஞ்சும்போது வரும் செரட்டோனின் நச்சில் வெப்பம்தான் ஆளைக் கொல்லும். கோமா ஸ்கோர், அதாவது நினைவு நிலையை 3 முதல் 15 வரை அளக்கும் எண், ஒரே ஒரு தடவை எழுதிவைத்தால் பயனில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்க வேண்டும். 13-லிருந்து 10-க்கு இறங்கிக்கொண்டிருப்பவர், 9-லேயே நிலையாக நின்று நன்றாக மூச்சு விடுபவரைவிட அவசரமானவர்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மனநோய் மருந்தான ஓலன்சபின் அதிகமாகிப் போனவருக்குக் கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கலாம், ஆழ்ந்த மயக்கமும் இருக்கும். அதே வகை குளோசபின் என்றால் வாயில் எச்சிலும் வழியும். பூச்சிமருந்து என்று முடிவுகட்டி அட்ரோபின் ஓடவிடுவதற்கு இவ்வளவு போதும். ஓலன்சபினும் குளோசபினும் ஏற்கெனவே அட்ரோபின் போன்ற விளைவு கொண்டவை. மேலும் அட்ரோபின் போனால் இதயத் துடிப்பும் குழப்பமும் ஏறும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தில் நெஞ்சு முழுக்கக் களகளவென்று நீர்ச்சத்தம், வியர்வை, மருந்து வாடை, தசைத் துடிப்பு, பெரும்பாலும் குறைந்த நாடித் துடிப்பு இருக்கும். நெஞ்சு சுத்தமாக இருந்து நாடி 120 ஓடினால் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். பூச்சிமருந்தா என்று காட்டும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பலாம்.

இப்போது இசிஜி. டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகள், அதாவது அமிட்ரிப்டிலின், இமிப்ரமின், டோசுலெப்பின் போன்றவை, இதயத் தசையின் சோடியம் வாயில்களை அடைத்துவிடுகின்றன. மின்னோட்டம் மெதுவாகப் பரவுவதால், இதயத்தின் கீழறைகள் இயங்குவதைக் காட்டும் க்யூஆர்எஸ் அலை அகலமாகிறது. மெஷின் அச்சடித்துத் தரும் எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டாம் லீடில் கண்ணால் அளக்க வேண்டும். வழக்கமான வேகத்தில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி செகண்ட். இரண்டரைக் கட்டத்தைத் தாண்டினால், அதாவது 100-க்கு மேல் போனால், வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. நான்கு கட்டத்தை, அதாவது 160-ஐத் தாண்டினால், வென்ட்ரிக்கிளில், அதாவது இதயத்தின் கீழறையில், ஆபத்தான தாளக்கோளாறு வரக்கூடும். யாரும் பார்க்காமல் விட்டுவிடும் ஏவிஆர் லீடையும் பார்க்க வேண்டும். அதன் கடைசியில் வரும் ஆர் அலை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எழுந்து நின்றால் அது டிரைசைக்ளிக்கின் கையெழுத்து. பேசிக்கொண்டே நடந்து வந்தவர் ஒரு மணி நேரத்தில் வலிப்பு வந்து விழக்கூடும். அதற்கு முன்பே இந்த லீட் சொல்லிவிடும். அதனால் வந்தவுடன் ஒன்று, முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு ஒன்று என இசிஜி எடுத்து, நேரம் எழுதி வரிசையாக ஒட்டிவைக்க வேண்டும்.

இதற்கான மருந்து எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட். பிசகு நடப்பது அளவில்தான். "ஒரு ஆம்பூல் பைகார்ப் போடுங்க" என்ற வாய்மொழி உத்தரவு இந்த நோயாளிக்குப் பொருந்தாது. தேவைப்படுவது கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி ஈக்விவலன்ட் (உப்புச் சத்தை அளக்கும் அலகு). நம்மிடம் இருக்கும் 7.5 சதவீத மருந்தில் ஒரு மி.லி.க்குச் சுமார் 0.9 மில்லி ஈக்விவலன்ட்தான் உள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தபட்ச முதல் தவணையே ஏறக்குறைய 67 மி.லி. ஆகிறது. அதாவது 25 மி.லி. ஆம்பூல் என்றால் மூன்று, 10 மி.லி. ஆம்பூல் என்றால் ஏழு. அதைச் சில நிமிடங்களில் நரம்பில் செலுத்திக்கொண்டே மானிட்டரைப் பார்க்க வேண்டும். க்யூஆர்எஸ் சுருங்குவது கண்ணெதிரே தெரியும். சுருங்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒரு தவணை. பிறகு ஒரு லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சுமார் 150 மில்லி ஈக்விவலன்ட் கலந்து மணிக்கு 150 முதல் 250 மி.லி. வரை ஓடவிடலாம். ரத்த பிஎச் 7.50-க்கும் 7.55-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பைகார்ப் போகப் போகப் பொட்டாசியம் இறங்கும். அதைத் தொடர்ந்து பார்த்து ஈடுசெய்யாவிட்டால் க்யூஆர்எஸ் சரியாகி, இதயம் மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி நீண்டு வேறு தாளக்கோளாறு வந்து நிற்கும். நார்அட்ரினலினும் கால்சியமும் அதே லைனில் போகக் கூடாது. முன்னது காரத்தில் வீரியம் இழக்கும், பின்னது வெள்ளையாகத் திரிந்து குழாயை அடைக்கும்.

வலிப்பு வந்தால் லோரசெபாம் 4 மி.கி. நரம்பு வழியாக, அல்லது வழி கிடைக்காவிட்டால் மிடாசோலம் 10 மி.கி. தசையில். ஃபெனிடாயின் வேண்டாம். அதுவும் சோடியம் வாயிலையே அடைப்பது. ரத்த அழுத்தம் இறங்கினால் சலைன், பைகார்ப், அடுத்து நார்அட்ரினலின். அகன்ற க்யூஆர்எஸ்ஸைப் பார்த்துப் பழக்கத்தில் அமியோடரோன் எடுக்கும் கையை நிறுத்த வேண்டும். புரோகைனமைட், பீட்டா பிளாக்கர் ஆகியவையும் ஆகாது. செயற்கை மூச்சுக்காகக் குழாய் போட வேண்டிய நிலையில் மூச்சு நிற்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் ரத்தம் அமிலமானாலே இதயம் சரிந்துவிடக்கூடும். அதனால் குழாய் போடும் முன் ஒரு தவணை பைகார்ப் கொடுத்து, போட்ட பிறகு வென்டிலேட்டரைச் சற்று வேகமான மூச்சில் வைப்பது நல்லது. இதயம் நின்றுபோனால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் சிபிஆர் தொடர வேண்டும். இதயம் நோயால் பழுதாகவில்லை, மருந்தால் கட்டுண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேலான சிபிஆருக்குப் பிறகு நல்ல மூளையுடன் திரும்பியவர்கள் உண்டு.

வயிற்றுக் குழாய்க்கு வருவோம். மாத்திரை விழுங்கியவர்களுக்கு வழக்கமாக வயிறு கழுவுவதால் பலன் நிரூபிக்கப்படவில்லை. மூச்சுக்குழாயில் நீர் போவது, உணவுக்குழாய் கிழிவது ஆகிய தீங்குகள்தான் தெளிவாகத் தெரிந்தவை. நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு தண்டனை கொடுப்பது போல வயிற்றைக் கழுவும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது மருத்துவம் ஆகாது. செறிவூட்டிய கரித்தூள் வேறு விஷயம். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்து, முழு நினைவோடு தானே குடிக்கக் கூடியவர் என்றால், கிலோவுக்கு ஒரு கிராம், அதிகபட்சம் 50 கிராம், சுமார் 400 மி.லி. தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் மாத்திரைகளிலும் குடலை மந்தமாக்கும் மருந்துகளிலும் ஒரு மணி நேரம் கடந்தும் பயன் உண்டு. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குக் குழாய் வழியாகக் கரி ஊற்றி அது நுரையீரலுக்குப் போனால் வரும் கேடு, மாத்திரையின் கேட்டைவிடப் பெரிதாகிவிடும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியத்தைக் கரி பிடிக்காது.

லித்தியத்தில் ரத்தம் எடுக்கும் குழாயே ஏமாற்றும். பச்சை மூடிக் குழாய்களில் பல லித்தியம் ஹெப்பாரின் பூசியவை. அதில் எடுத்து அனுப்பினால் லித்தியமே சாப்பிடாதவருக்கும் அளவு உயர்ந்து காட்டும். சாதாரண சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். அடுத்தது, எண்ணும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகாது. ஒரேயடியாக விழுங்கி வந்தவருக்கு ரத்தத்தில் அளவு மிக உயர்ந்திருந்தாலும் முதல் சில மணி நேரம் வாந்தி பேதி தவிர ஒன்றும் இருக்காது. மூளைக்குள் போக நேரம் எடுக்கும். மாறாக, வருடக்கணக்காகச் சாப்பிட்டு மெல்ல மெல்லச் சேர்ந்தவருக்கு அளவு லிட்டருக்கு 2 மில்லி ஈக்விவலன்ட்டை ஒட்டி இருந்தாலே கை பெரிதாக நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். இப்படிச் சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு மருந்துதான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், பிரஷருக்குத் தயசைட் அல்லது எனலாப்ரில், அல்லது வெயில் காலத்துப் பேதி. சிகிச்சையின் அடித்தளம் நார்மல் சலைன். ஆனால் நீண்ட நாள் லித்தியத்தால் சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனை இழந்திருந்தால், சலைன் ஓட ஓடச் சோடியம் ஏறும். ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியமும் மணிக்கு மணி சிறுநீர் அளவும் பார்க்க வேண்டும். நினைவு மங்குதல், வலிப்பு, உயிராபத்தான தாளக்கோளாறு இவற்றில் ஒன்று இருந்தாலும் லித்தியம் அளவு எதுவாக இருந்தாலும் டயாலிசிஸ். சிறுநீரகம் பழுதாகி அளவு 4-ஐத் தாண்டினாலும் அதேதான். 5-ஐத் தாண்டினால் மற்றபடி நன்றாக இருந்தாலும் டயாலிசிஸைப் பற்றிச் சிறுநீரக மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் அளவு குறைந்ததைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. திசுக்களிலிருந்து லித்தியம் மீண்டும் ரத்தத்துக்கு வரும். ஆறு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவுதான் உண்மையைச் சொல்லும்.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், வென்லாஃபாக்சின் வகை மனச்சோர்வு மருந்துகளில் பார்க்க வேண்டியது நோயாளியின் கால்களை. பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் கணுக்கால் விடாமல் துடிக்கும். அதுதான் குளோனஸ். கூடவே வியர்வை, நடுக்கம், பதற்றம், குடல் இரைச்சல் இருந்தால் செரட்டோனின் நச்சு. டிரைஹெக்சிஃபெனிடில் போன்ற மருந்தால் வரும் குழப்பத்தில் தோல் வறண்டிருக்கும், குடல் அமைதியாக இருக்கும். இந்த வேறுபாட்டைப் படுக்கையருகிலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிடலாம். செரட்டோனின் நச்சுக்கு டயசெபாம் 5 முதல் 10 மி.கி. நரம்பில், மின்விசிறிக்கடியில் ஈரத்துணி, பிறகு சிப்ரோஹெப்டடின். பசி எடுக்கக் கொடுக்கும் அதே 4 மி.கி. மாத்திரைதான். மூன்றைப் பொடித்து வயிற்றுக் குழாய் வழியாகக் கொடுத்து, அறிகுறி தொடர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மி.கி. பாரசிட்டமால் இந்தக் காய்ச்சலைக் குறைக்காது. வெப்பம் தசையிலிருந்து வருகிறது. 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செயற்கை மூச்சுக்குக் குழாய் போட்டுத் தசைகளைத் தளர்த்த வேண்டியதுதான். கட்டிலில் கட்டிப்போட்டால் நோயாளி முரண்டு பிடித்து வெப்பம் இன்னும் ஏறும். வலிக்கு டிரமடால் கொடுத்துவிடக் கூடாது.

எஸ்சிட்டலோப்ராமிலும் பல மனநோய் மருந்துகளிலும் க்யூடி நீளும். வாந்தி என்றதும் கை தன்னால் போகும் ஒண்டன்செட்ரான் அதை மேலும் நீட்டும் என்பதால் தவிர்க்க வேண்டும். பொட்டாசியத்தை 4-க்கு மேல் வைத்து, டார்சாட் என்ற ஆபத்தான தாளக்கோளாறு வந்தால் மக்னீசியம் சல்பேட் 2 கிராம். 50 சதவீத 2 மி.லி. ஆம்பூல் ஒன்றில் ஒரு கிராம் இருக்கிறது. ஆகவே இரண்டு ஆம்பூல், கரைத்து, பத்து நிமிடத்தில். நாடி நின்றுவிட்டால் முதலில் மின் ஷாக்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளுக்கு மாற்று மருந்தாக ஃப்ளூமசெனில் இருக்கிறது என்றாலும், இந்தக் கூட்டு விஷங்களில் அதை எடுக்காமலிருப்பதே நல்லது. தினமும் சாப்பிட்டுப் பழகியவருக்கும், கூடவே டிரைசைக்ளிக் விழுங்கியவருக்கும் அது அடக்க முடியாத வலிப்பைக் கொண்டுவரும். மூச்சைப் பார்த்துக்கொண்டு, தேவையானால் குழாய் போட்டுக் காத்திருக்கலாம். வால்ப்ரோயேட்டில் ரத்த அளவு தாமதமாக ஏறும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பதோடு, மயக்கம் கூடினால் அமோனியா எடுக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கார்னிட்டின். கார்பமசெபினில் நோயாளி தெளிந்து எழுந்து மீண்டும் மயங்குவது உண்டு. குடல் அசைவு இருக்கும்வரை திரும்பத் திரும்பக் கொடுக்கும் கரி அதில் உண்மையாகவே உதவும். மனநோய் மருந்துகளால் ரத்த அழுத்தம் இறங்கியவருக்கு அட்ரினலினைவிட நார்அட்ரினலின் பொருத்தம். கழுத்து முறுக்கிக்கொண்டு கண் மேலே செருகினால் புரோமெத்தசின் 25 முதல் 50 மி.கி. தசையில் கொடுத்தால் சீக்கிரம் விடும். அடக்க முடியாமல் புரளும் நோயாளிக்கு ஊசி போடும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நிரம்பி நிற்கும் சிறுநீர்ப்பையைக் கதீட்டர் போட்டு வடித்தாலே பலர் அமைதியாகிவிடுவார்கள்.

என்ன விழுங்கினார் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் பாரசிட்டமாலை மனதில் வைத்தே ஆக வேண்டும். கைக்குக் கிடைத்த எல்லா மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருப்பார்கள். முதல் நாள் எந்த அறிகுறியும் இருக்காது. விழுங்கி நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் பாரசிட்டமால் அளவு எடுக்க வசதி இல்லையென்றால், சந்தேகம் வலுவாக இருக்கும்போது அதன் மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனைத் தொடங்கிவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்கு அனுப்புவதே சரி. குழப்பமான கூட்டு என்றால் டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்கிறது. கூச்சப்படாமல் கேட்கலாம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது கடிதத்தில் "மாத்திரை விழுங்கியவர், மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விழுங்கிய நேரம், வந்த நேரம், நேரம் குறித்த இசிஜிகள், கொடுத்த பைகார்ப் எவ்வளவு, காலி அட்டைகள் எல்லாம் கூடவே போகட்டும். க்யூஆர்எஸ் அகலமாக இருந்தவர் என்றால் வழியில் போடுவதற்கான பைகார்ப் ஆம்பூல்களையும் 108 ஊழியரின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஆறு மணி நேரம் கண்காணித்து, நினைவு தெளிவாக இருந்து, இசிஜி முழுவதும் இயல்பாக இருந்தால் சாதாரண வகை மாத்திரைகளில் உடல்ரீதியான ஆபத்து பெரும்பாலும் கடந்துவிட்டது. மெதுவாகக் கரையும் வகைகளிலும், லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமசெபின் ஆகியவற்றிலும் இந்த ஆறு மணிக் கணக்கு செல்லாது. அவர்களைக் குறைந்தது ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

காவல்துறைப் பயத்தால் சேர்க்க மறுப்பதும், உறவினர்கள் "தவறுதலா சாப்பிட்டுட்டா" என்று மறைப்பதும் இன்னும் நடக்கிறது. மறைத்தால் மருத்துவருக்குத் தவறான மருந்துப் பெயர் போகும் என்பதுதான் அதில் பெரிய கேடு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. விசாரணையும் தண்டனையும் அவருக்குக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடுவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதும் அதன் பாட்டுக்கு நடக்கலாம். சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது.

வார்டில் படுக்கை ஜன்னலோரமாகவோ வராந்தாவின் கடைசியிலோ இல்லாமல் நர்ஸ் மேசைக்கு எதிரே இருக்கட்டும். ட்ராலியில் மருந்துகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. "இவ்ளோ சின்ன விஷயத்துக்கா இப்படிப் பண்ணே?" என்று கேட்பவர் உறவினராக இருந்தாலும் ஊழியராக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். "இப்பவும் அந்த எண்ணம் இருக்காம்மா?" என்று நேராக, தனியாக, அமைதியாகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய மருந்தை மீண்டும் தொடங்குவதா, மாற்றுவதா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்தே வேண்டாம் என்று குடும்பம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டால் பழைய நோய் திரும்பும். முப்பது நாள் மாத்திரையை மொத்தமாகக் கொடுக்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதி, வீட்டில் ஒருவர் பூட்டி வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் மீதமிருக்கும் பழைய அட்டைகளையும், அதே அலமாரியில் பூச்சிமருந்து இருந்தால் அதையும் அன்றே அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த வருகைத் தேதி ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். அதன் கீழே அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 என்று பெரிய எழுத்தில் எழுதி, அது இரவிலும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம் என்று நோயாளியிடமும் உடன் இருப்பவரிடமும் வாயால் சொல்லி அனுப்ப வேண்டும்.